கணக்குத் தீர்ந்த அமைதி

லண்டன் சதர்க் நகராட்சியின் வாடகைக் குடியிருப்புகளில் இருந்த சிலர் தொடுத்த வழக்கில் 1999 அக்டோபரில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இறுதித் தீர்ப்புச் சொன்னது. ஒலியைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாத பழைய கட்டடங்கள் அவை. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, குழந்தையின் அழுகை, அடுப்படிச் சத்தம், புருஷன் பெண்டாட்டி பேச்சு எல்லாம் சுவர் தாண்டிக் கேட்கும். குடியிருந்தவர்கள் பற்றிக்கொள்ள அவர்களுடைய ஒப்பந்தத்திலேயே ஒரு சொல் இருந்தது. வீட்டைக் குவயட்டாக அனுபவிக்கவிடுவேன் என்பது இங்கிலாந்தில் வீட்டுக்காரர் குடியிருப்பவருக்குக் காலங்காலமாகத் தரும் வாக்கு. வழக்கறிஞர்கள் அதைக் 'குவயட் என்ஜாய்மென்ட்' என்பார்கள். இந்த இரைச்சலில் அந்த வாக்கு எங்கே நிற்கிறது என்று குடியிருந்தவர்கள் கேட்டார்கள். ஹாஃப்மன் பிரபு அதை ஏற்கவில்லை. அந்தச் சொற்றொடரில் குவயட் என்பது சத்தமின்மையைக் குறிக்கவில்லை, குடியிருப்பவரின் அனுபோகத்தில் வீட்டுக்காரர் குறுக்கிடாமல் இருப்பதையே குறிக்கிறது என்று அவர் விளக்கினார். அளவு மீறிய சத்தமும் சில வேளை குறுக்கீடாகலாம். ஆனால் அண்டை வீட்டார் சாதாரணமாக வாழும் சத்தம் அப்படி ஆகாது. வழக்கு தோற்றது. இரவு முழுக்க அடுத்த வீட்டு இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கு இந்த விளக்கம் என்ன ஆறுதல் தரும் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சொல்லின் வரலாற்றைப் பொறுத்தமட்டில் நீதிபதி சொன்னதுதான் சரி. குவயட் ஆங்கிலத்துக்குள் காதின் வழியாக வரவில்லை, கணக்கேட்டின் வழியாக வந்தது. அதனால்தான் சைலன்ஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்றும் அதோடு ஒட்டாமல் இருக்கிறது. இதுவே என் கட்சி.

பழைய ஆங்கிலத்தில் மௌனத்துக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. அசையாமல் இருப்பதற்கு 'ஸ்டில்லெ' இருந்தது. அதுவே இன்றைய ஸ்டில். வாய் திறக்காமல் இருப்பதற்கு 'ஸ்விகியன்' என்று தனி வினையே இருந்தது. ஜெர்மன் மொழி அந்தச் சொல்லின் உடன்பிறப்பான 'ஷ்வைகன்' என்பதை இன்றும் வைத்திருக்கிறது. ஆங்கிலமோ நார்மானியர் வந்த பிறகு ஸ்விகியனைக் கைவிட்டு, பிரெஞ்சு வழியாக சைலன்ஸை எடுத்துக்கொண்டது. குவயட்டின் வரவு வேறு வகை. லத்தீனில் 'குயேட்டுஸ்' என்றால் ஓய்ந்தது, இளைப்பாறியது. இந்த ஒரே மூலத்திலிருந்து பல சொற்கள் ஆங்கிலத்துக்கு வந்தன. எது முதலில் வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முதலில் வந்தது குவிட். 1200-ஐ ஒட்டிய காலத்தில் அது பெயரடையாக, 'பாக்கி இல்லாத, கடப்பாட்டிலிருந்து விடுபட்ட' என்ற பொருளில் வழங்கியது. குவயட் என்ற வடிவம் வேரூன்ற அதன்பின் ஒரு நூற்றாண்டாவது ஆயிற்று. அப்போதும் அது கலகமற்ற, தொந்தரவற்ற நிலையைத்தான் குறித்தது. 'சத்தம் போடாத' என்ற பொருள் அதற்கு ஏறியது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆங்கிலேயர் முதலில் கடனிலிருந்து குவிட் ஆனார்கள். காதுக்குக் குவயட் ஆனது அதற்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் கழித்து.

அந்தக் கடன் எந்தக் கடன் என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்து அரசரின் வருவாய்க் கணக்கு பார்க்கும் இடத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். அங்கே நடப்பதை ரிச்சர்ட் ஃபிட்ஸ்நைஜல் என்ற அரசுப் பொருளாளர் 12ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், ஆசிரியரும் மாணவரும் உரையாடுவதுபோல ஒரு நூலாக எழுதிவைத்தார். 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேசை. காசு உருண்டு விழாதிருக்கச் சுற்றிலும் நாலு விரல் உயர விளிம்பு. மேலே கறுப்புத் துணி. அதில் கோடு போட்டுக் கட்டங்கள். சதுரங்கப் பலகை போன்ற அந்தத் துணியால்தான் எக்ஸ்செக்கர் என்ற பெயரே வந்தது. மாவட்டத்தில் அரசருக்காக வரி திரட்டும் ஷெரிப், ஈஸ்டரில் ஒரு முறையும் மைக்கேல்மஸ் திருநாளில் ஒரு முறையும் அந்த மேசைக்கு எதிரே வந்து உட்கார வேண்டும். கணக்கர், செலுத்தவேண்டிய தொகைக்குக் கட்டங்களில் வில்லைகளை அடுக்குவார். அதன் கீழே, செலுத்திய தொகைக்கு இன்னொரு வரிசை. பிறகு கழித்துக்கொண்டே வருவார். செலுத்தியதற்கு ஆதாரம், ஹேசல் மரக்குச்சியில் வெட்டிய பள்ளங்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கைக் கனம், நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுனுக்கு விளைந்த பார்லிமணி அளவு, ஒரு பென்னிக்கு மரம் உதிராமல் ஒரு கீறல். குச்சியை நெடுக்குவாட்டில் பிளந்து ஒரு பாதி செலுத்தியவர் கையில், மறுபாதி எக்ஸ்செக்கரில். இரண்டையும் சேர்த்தால் பள்ளங்கள் பொருந்த வேண்டும். பொருந்தி, வில்லைகளும் சரிக்குச் சரி கழிந்தால், தோல்சுருள் ஏட்டில் எழுத்தர் கணக்கை 'எட் குயேட்டுஸ் எஸ்ட்' என்று முடிப்பார். பாக்கி நின்றால் 'எட் டேபெட்' என்று முடிப்பார். 'இவர் ஓய்ந்தார்' என்பது முதலாவது. 'இவர் தரவேண்டியிருக்கிறது' என்பது இரண்டாவது. இன்று மிஞ்சியிருக்கும் சுருள்களில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக்குரியது.

ஓய்வு என்பதற்கு எதிர்ச்சொல்லாகச் சத்தமோ உழைப்போ அங்கே நிற்கவில்லை, பாக்கி நிற்கிறது. அந்த அறையில் குயேட்டுஸ் ஆகிற மனிதர் வாயை மூடிக்கொண்டவர் இல்லை. அதுவரை கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவர். எல்லாம் சொல்லி, எல்லாம் கட்டி, இனி யாரும் தன்னை எதுவும் கேட்க முடியாது என்ற நிலைக்கு வந்தவர். இந்த நிம்மதி அரசரின் சார்பில் எழுத்தில் கிடைக்கிறது. மேலே போகுமுன் இன்னொரு சொல்லையும் இதன் பக்கத்தில் வைக்க வேண்டும். பணம் கட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'பே', அமைதியைக் குறிக்கும் லத்தீன் 'பாக்ஸ்' என்பதன் வினையிலிருந்து பிறந்தது. கடன் கொடுத்தவரைச் சாந்தப்படுத்துவதே அதன் முதற்பொருள். ஆங்கிலத்தில் பீஸ், பே, குவயட், குவிட் ஆகிய நான்கும் கடன்காரர் வாசலில் ஒன்றுகூடுகின்றன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

குவிட்டின் குடும்பம் கிளைத்த விதமும் இதையே சொல்கிறது. 'அக்குவிட்' முதலில் கடனை அடைப்பது. பிறகுதான் குற்றச்சாட்டிலிருந்து விடுவிப்பது. நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்யும்போது, சமூகத்துக்கு அவர் கொடுக்கவேண்டியது எதுவும் இல்லை என்று ரசீது தருகிறது. இருவருக்குள் கொடுக்கல் வாங்கல் சமமானால் 'குவிட்ஸ்'. பாக்கியின்றி முடிந்தது என்பதிலிருந்து 'முழுக்க' என்ற பொருளில் 'குவைட்'. இன்று ஆங்கிலேயர் அதை 'ஓரளவு' என்ற அளவுக்குத் தேய்த்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டின் வாயில் சாவைக் குறிக்க வைத்த சொல் 'குவயீட்டஸ்'. எக்ஸ்செக்கர் எழுத்தரின் அதே சொல். வாழ்க்கைக் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போடுவதாக அவர் காலத்துப் பார்வையாளர்களுக்கு அது கேட்டிருக்கும். 'கோய்' என்பதும் இந்தக் குடும்பம்தான். பிரெஞ்சில் தேய்ந்து வந்த குயேட்டுஸ் அது. அமைதியானவர் என்று தொடங்கி, நாணமுள்ளவள் என்றாகி, நாணுவதாக நடிக்கிறவள் என்று முடிந்தது. பெண்ணின் அமைதியை மட்டும் அந்தச் சமூகம் ரசீதாக ஏற்கவில்லை, அதற்குள் ஏதோ மறைந்திருப்பதாகச் சந்தேகித்தது. இந்தக் குடும்பத்தில் எனக்கு மிக வருத்தம் தரும் சொல் இதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். லத்தீன் மூலத்துக்கு ஓய்வு என்பதே ஆதிப்பொருள். கணக்கர்கள் அதை இரவல் வாங்கினார்கள், அவ்வளவுதான். இரவல் வாங்கியவரை உரிமையாளர் ஆக்கலாமா? லத்தீனைப் பற்றிய அளவில் இந்த மறுப்பு முழுக்கச் சரி. இறந்தவர்களுக்கான திருப்பலிக்கு 'ரெக்குவியம்' என்ற பெயர் அந்த ஓய்விலிருந்தே வந்தது, அங்கே கணக்கு வழக்கு இல்லை. ஆனால் நான் பேசுவது ஆங்கிலத்தைப் பற்றி. ஓய்வுக்கு 'ரெஸ்ட்', அசைவின்மைக்கு 'ஸ்டில்' என்று சொந்தச் சொற்களை வைத்திருந்த ஒரு மொழி, ஆள வந்தவர்களின் மொழியிலிருந்து எதை எடுத்தது, எதற்காக எடுத்தது என்பதே கேள்வி. ரசீதுக்குத்தான் அதனிடம் சொல் இல்லை. மேலும் ஓய்வும் கடன்தீர்வும் ஒரு சொல்லில் சேர்வது லத்தீனுக்கு மட்டும் நேர்ந்ததில்லை என்பதற்குத் தமிழே சாட்சி. நம் 'தீர்' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் தீர்கிறது, தாகம் தீர்கிறது, வழக்குக்குத் தீர்ப்பு வருகிறது, எதிரியைத் தீர்த்துக்கட்டுகிறார்கள், தீர விசாரிக்கிறோம், நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறோம். அக்குவிட், குவயீட்டஸ், குவைட் ஆகிய மூன்றும் செய்கிற வேலையைத் தீர்ப்பும் தீர்த்துக்கட்டுதலும் தீரவும் வரிசையாகச் செய்கின்றன. தீர்வைக்கும் ஜோடி உண்டு: குவிட் ரென்ட். நிலப்பிரபுவுக்குச் செய்யவேண்டிய உழைப்பிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் விடுபட ஆண்டுதோறும் கட்டும் சிறு தொகை அது. சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், இனாம் நிலங்களுக்குக் குவிட் ரென்ட் விதித்து உரிமையை உறுதிசெய்தபோது இரண்டு சொற்களும் ஒரே நிலத்தில் வந்து நின்றன. மலேசியாவில் தோட்டத்தை விட்டு வெளியேறி மனை வாங்கி வீடு கட்டிய தமிழர்கள் இன்றும் நில அலுவலகத்தில் கட்டும் ஆண்டு வரிக்கு ஆங்கிலத்தில் குவிட் ரென்ட் என்றே பெயர்.

இனி சைலன்ஸ். பெயர்ச்சொல்லாக அது 13ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்தது, பெரும்பாலும் துறவிகளின் மௌன விரதம் பற்றிய பேச்சில். அதன் குணம் மாறுவது 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், அது செயப்படுபொருள் கொள்ளும் வினையாகும்போது. அதாவது குவயட் காதை எட்டிய அதே காலத்தில் சைலன்ஸ் அடுத்தவர் வாயை எட்டியது. 1662-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு முறையை முழுமையாக ஏற்க மறுத்த ஏறக்குறைய 2000 போதகர்கள் வேலையிழந்தபோது, அவர்களுக்கு வழங்கிய பெயர் 'சைலன்ஸ் செய்யப்பட்டவர்கள்'. அவர்கள் பேச்சிழந்தவர்களா என்றால் இல்லை. சந்தையில் பேசலாம், வீட்டில் பேசலாம், பிரசங்க மேடையில் பேச முடியாது. அவர்கள் சொல்லவேண்டியது அவர்களிடம் மிச்சம் இருந்தது. இந்த மிச்சம்தான் வேறுபாடு. குயேட்டுஸ் ஆனவரிடம் மிச்சம் எதுவும் இல்லை. சைலன்ஸ் செய்யப்பட்டவரிடம் மிச்சம் முழுவதும் இருக்கிறது.

இந்த வேறுபாட்டை ஆங்கிலச் சட்டம் எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்டது என்பதற்கு ஒரு மனிதரின் சாவே ஆதாரம். குற்றம் சாட்டப்பட்டவர் 'செய்தேன்' என்றோ 'செய்யவில்லை' என்றோ சொல்லி, நாட்டின் விசாரணைக்குத் தன்னை ஒப்படைத்தால்தான் ஜூரி அவரை விசாரிக்க முடியும். சொல்லாமல் நின்றால் 'மியூட்டாக நிற்கிறார்' என்று பதிவு. கடவுள் செயலால் ஊமையா, வீம்பால் ஊமையா என்று முதலில் விசாரிப்பார்கள். வீம்பு என்று முடிவானால், வாய் திறக்கும்வரை மார்பின்மேல் பாரம் ஏற்றுவார்கள். அன்று இங்கிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த மாசச்சூசெட்ஸின் சேலம் ஊரில் 1692 செப்டம்பரில், சூனியம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜைல்ஸ் கோரி என்ற 80 வயதை எட்டிய விவசாயியை இப்படித்தான் கற்களுக்கு அடியில் கிடத்தினார்கள். விசாரணைக்குத் தன்னை ஒப்படைப்பதாக அவர் கடைசிவரை சொல்லவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை, அக்குவிட்டும் இல்லை. கணக்கு திறந்தபடியே கிடக்க அவர் இறந்துபோனார். இங்கிலாந்து இந்த வதையை 1772-இல் கைவிட்டது. ஆனால் அப்போதும் மியூட்டாக நிற்பதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமமாக வைத்தது. வாய் திறக்காதவரைக் குற்றத்தை மறுத்தவராகக் கொள்ள வேண்டும் என்ற விதி வர 1827 ஆயிற்று. மௌனம் சம்மதம் என்று நாம் லேசாகச் சொல்கிறோம். மௌனத்தால் யாருக்கும் ரசீது கிடைக்காது என்பதை அந்தச் சட்டம் கல் ஏற்றிச் சொன்னது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் வாதத்துக்கு உண்மையான சோதனை, குவயட் வினையாக வரும் இடம். அங்கேயும் அது சாந்தமான ரசீதுதானா? 1623ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம், தன் நோக்கம் மக்களின் சொத்துகளைக் குவயட் ஆக்குவதும் வழக்குகளைத் தவிர்ப்பதும் என்று தொடங்குகிறது. நிலத்தில் உரிமை உள்ளவர் 20 ஆண்டுக்குள் உரிமை கோராவிட்டால், பிறகு கோர முடியாது. அமெரிக்க நீதிமன்றங்களில் இன்றும் நிலப்பத்திரத்தைக் குவயட் ஆக்கக் கோரி வழக்குப் போடுகிறார்கள். மற்றவர்களின் கோரிக்கைகளையெல்லாம் அடைத்து, இந்த நிலம் இவருடையது என்று அறிவிக்கும் வழக்கு. நிலத்தில் இருப்பவருக்கு இது குவயட். தாத்தா காலத்தில் பறிபோனதைப் பத்திரம் இல்லாமல் கேட்டு வருபவருக்கு இது சைலன்ஸ். ஒரே தீர்ப்பு, இரண்டு முகம். இங்கே என் வாதம் தளர்ந்துபோவதாக ஒருவர் சொல்லலாம். எனக்கு இங்கேதான் அது கூர்மைப்படுவதாகத் தோன்றுகிறது. இரண்டு சொற்களும் இரண்டு நாற்காலிகளிலிருந்து பேசுகின்றன. கணக்கு முடிந்தவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் குவயட். கணக்கு முடியாமலே எழுப்பப்பட்டவரின் நாற்காலியிலிருந்து பார்த்தால் சைலன்ஸ். ஆகவே ஒரு நாடோ ஓர் ஊரோ குவயட்டாக இருக்கிறது என்று ஓர் அதிகாரி அறிக்கை விடும்போது, அந்தச் சொல் ஒரு ரசீதை நீட்டுகிறது. அதில் யார் கையெழுத்து இருக்கிறது என்று கேட்க வேண்டும். வாய்மூடப் பணம் தருவதற்கு ஆங்கிலம் 'ஹஷ் மணி' என்று தனிச்சொல் வைத்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பணம் கைமாறுகிறது, ஆனாலும் அங்கே யாரும் குவிட் ஆவதில்லை. அதனால்தான் அந்தப் பணத்தைக் குறிக்கக் குவயட் என்ற சொல் பொருந்தவில்லை, 'உஷ்' என்ற உதட்டொலியின் பிள்ளையான ஹஷ் தேவைப்பட்டது.

சொல்லின் பூர்வீகம் வேறு, இன்றைய பொருள் வேறு. குவயட் என்று சொல்லும் பள்ளிப் பிள்ளைக்கு எக்ஸ்செக்கர் மேசை தெரியுமா என்பது இன்னொரு மறுப்பு. தெரியாதுதான். ஆனால் பழைய பொருள் செத்துவிட்டது என்றால், 2022-இல் 'குவயட் குவிட்டிங்' என்ற புதுச்சொல் உலகம் முழுக்கப் பரவியதை எப்படி விளக்குவது? வேலையை விடுவது அதன் பொருள் இல்லை. ஒப்பந்தத்தில் உள்ள வேலையைச் செய்கிறேன், அதற்குமேல் நான் தரவேண்டியது எதுவும் இல்லை என்று தனக்குள் கணக்கை முடித்துக்கொள்வது. 1200-இல் குவிட்டுக்கு இருந்த பொருள் அச்சாக அதுவே. அண்ணன் தம்பிகள் இருவரும் 800 ஆண்டுகள் கழித்துத் தோளோடு தோள் நிற்கிறார்கள். சேர்த்துவைத்தவர்களுக்கு உறவு தெரிந்திருக்கத் தேவையில்லை. இயந்திரங்களுக்குப் பெயர் வைத்ததிலும் இந்த உணர்வு தப்பவில்லை. துப்பாக்கியின் ஓசையை அமுக்கும் குழாயை ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்று விற்றபோது அதற்குக் கிடைத்த பெயர் சைலன்சர். பிரிட்டிஷ்காரர்கள் வண்டியின் புகைக்குழாய்க்கும் அதே பெயரைத் தந்தார்கள். நம் ஊர் மெக்கானிக் கடை வரை வந்து அது சைலென்சர் ஆயிற்று. அமெரிக்கர்கள் அதே குழாய்க்குக் கழுத்தில் சுற்றும் துணியின் பெயரான மஃப்ளரைச் சூட்டினார்கள். ஒன்று அடைக்கிறது, மற்றது போர்த்துகிறது. இரண்டிடத்திலும் ஓசை உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்தக் கருவிக்குக் குவயட்டிலிருந்து ஒரு பெயர் நிலைக்கவில்லை என்று நான் கருதுகிறேன்.

குவிட்டின் குடும்பத்தில் நமக்கு நெருக்கமான சொல் ஒன்று உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில், குத்தகையை முடிக்க வீட்டுக்காரர் தரும் அறிவிப்பு 'நோட்டீஸ் டு குவிட்' என்று வருகிறது; கணக்கை முடித்துக்கொண்டு இடத்தை விடு என்பது அதன் கருத்து. 1942 ஆகஸ்டு 8ஆம் தேதி பம்பாயில் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றி அந்தச் சொல்லையே பிரிட்டிஷ் ஆட்சியை நோக்கித் திருப்பியபோது, வீட்டுக்காரர் யார், குடியிருந்தவர் யார் என்பதும் சேர்ந்தே சொல்லப்பட்டுவிட்டது. தமிழில் அது 'வெள்ளையனே வெளியேறு' ஆனது. முழக்கத்துக்கு மோனை கிடைத்தது. குவிட்டுக்குள் இருந்த கணக்கு மட்டும் விட்டுப்போயிற்று. அந்தக் கணக்கையும் சத்தமின்மையையும் ஒருசேரத் தாங்கும் தமிழ்ச்சொல் தீர் ஆகாது, ஏனென்றால் தீர் கடைசிவரை காதுப்பக்கம் போகவில்லை. அதற்கு நாம் பண்டிதர் சொல் எதையும் தேடிப்போக வேண்டாம். அழுகிற பிள்ளையிடம் அம்மா சும்மா இரு என்கிறாள். வேலை இல்லாதவர் சும்மா இருக்கிறேன் என்கிறார். காசு வாங்காத கடைக்காரர் சும்மா எடுத்துக்கோங்க என்கிறார். சத்தமில்லை, வேலையில்லை, பாக்கியில்லை: எக்ஸ்செக்கர் எழுத்தர் தோல்சுருளின் அடியில் எழுதி முடித்ததும் ஷெரிப் மேசையை விட்டு எழுந்து போன நிலை அதுதான்.